மகராசன் சீவிய மரம்

ஓய்வு பெற்ற ஆண்கள் வீட்டில் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பது அவர்களைக் கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே பாளையங்கோட்டைக்குத் தெற்கே வயலை மேடாக்கி எழும்பிய எங்கள் பொருநை கார்டன் குடியிருப்பில் இவர்கள் மரம் செதுக்கும் மன்றம் என்று ஒன்றைத் தொடங்கியபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் உளியோடு வீட்டைவிட்டு வெளியே போகிறார்களே, அதுவே பெரிய புண்ணியம் என்று நாங்கள் பெண்டாட்டிமார் எல்லாரும் ஃபிளாஸ்க் நிறையக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தோம். கீழ்த்தளத்தில் கூட்ட அறைக்குப் பக்கத்து வீடு எங்களுடையது என்பதால் இரண்டாவது சுற்றுக் காப்பியைக் கொண்டுபோய் ஊற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. இந்தக் கதையைச் சொல்லக்கூடிய ஆளாக நான் இருப்பது அந்தக் காப்பியால்தான். மற்றபடி எனக்கு மரத்தின் மேலோ அந்த மனிதர்கள் மேலோ பெரிய மரியாதை கிடையாது.

மன்றத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. உளியைத் தொடுமுன் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, தான் முன்பு என்னவாக இருந்தேன், மரம் செதுக்குவதை எப்படிக் கண்டுகொண்டேன் என்று சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர் ஒருமுறை சொல்வதற்கென்று வைத்த வழக்கம் அது. இவர்களோ வாராவாரம் சொன்னார்கள், அதே ஆட்களிடம், அதே வார்த்தைகளில், போன வாரம் இருமிய இடத்தில் இந்த வாரமும் இருமி. என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் பொதுப்பணித்துறையில் செயற்பொறியாளராக இருந்தவர். மழைக்காலத்தில் உப்பிக்கொண்ட குளியலறைக் கதவை இழைக்கப் போய்த் தனக்குள் ஒரு சிற்பி இருப்பதைக் கண்டதாகச் சொல்வார். இழைத்து இழைத்து அந்தக் கதவு நிலையைவிடச் சின்னதாகி, இன்றைக்கும் நாங்கள் இடுக்கில் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் குளிக்கிறோம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். வங்கியில் மண்டல மேலாளராக இருந்த கோமதிநாயகம், கடன் கேட்டு வந்தவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே பேப்பர் வெட்டும் கத்தியால் மேசை விளிம்பைக் கீறிக்கொண்டிருந்த பழக்கம்தான் கலையாக முற்றியது என்பார். கல்லூரி முதல்வராக இருந்த ஞானதிரவியம், வகுப்பில் சாக்பீஸில் பொம்மை செதுக்கிய பையன்களைப் பிடித்துப் பிடித்து வெளியே அனுப்பியதில் அந்தப் பொம்மைகள் தன் மேசை டிராயரில் சேர்ந்து, அவற்றைப் பார்த்துப் பார்த்தே தொழில் படிந்துவிட்டது என்பார். கடைசியாக டி.எஸ்.பி. மகராசன் எழுந்திருப்பார். லத்திக்குத் தோதான கம்பு எது, எது அடித்தால் பிளக்கும், எது பிளக்காது என்று தேர்ந்தெடுக்கப் போய்த்தான் மரங்களின் குணம் தனக்குப் பிடிபட்டது என்று அவர் சொன்னதும் மற்ற மூன்று பேரும் கைதட்டுவார்கள். நான் அவர் தம்ளரில் மட்டும் பாதியோடு நிறுத்திக்கொள்வேன்.

உட்காருவதும் அப்படித்தான். ஓய்வு பெறும்போது யார் எந்தப் பதவியில் இருந்தாரோ அந்த வரிசையில்தான் நாற்காலி. வருஷம் ஒருமுறை வைக்கிற கண்காட்சியிலும் பதவி வரிசைப்படியே பொம்மைகள் நிற்கும். எந்தப் பொம்மைக்கு மூக்கு சரியாக வந்திருக்கிறது என்பதைப் பற்றி அங்கே யாரும் பேசியதில்லை.

அந்த வருஷம் சாலையை அகலப்படுத்த வெட்டிய ஒரு பெரிய வாகை மரத்தின் அடிமரத்தைப் பழைய செல்வாக்கை வைத்து வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, நாலு துண்டமாக அறுத்து நாலு பேரும் எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் பிள்ளையார் செதுக்குவதாகச் சொல்லி, பட்டையை உரித்துவிட்டு வெள்ளையாயிருந்த மேல்மரத்தில் உளியை வைத்துப் பாதி முகம் வரைக்கும் சீவினார். அவர் மதியம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் செயற்பொறியாளர் என்றிருந்த பெயர்ப்பலகையில் உதவி செயற்பொறியாளர் என்று இருந்தது. எழுத்து புதிதில்லை, வெயிலில் வெளுத்துப் பழையதாகத்தான் இருந்தது. நான் அப்போது உளுந்து ஆட்டிக்கொண்டிருந்ததால் அதைப் பற்றிப் பேச நேரமில்லை. சாயந்திரம் பூனாவிலிருந்து மகள் போன் பண்ணினாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னால், அப்பா எப்பவும் உதவிதானேம்மா, அதுலதானே ரிட்டயர் ஆனாவ, என்கிறாள்.

இவருடையது மட்டுமில்லை. கோமதிநாயகம் ஒரு வாத்துக்காகக் கொஞ்சம் செதுக்கியதில் மண்டலம் போய்க் கிளை மேலாளர் ஆகியிருந்தார். பொங்கலுக்கு வாழைத்தார் கொண்டுவருகிற பழைய டிரைவர் எதிரில் பார்த்தும் பேசாமல் போனார். ஞானதிரவியம் கழுகுக்குச் சிறகு விரித்ததில், கல்லூரி வராந்தாவில் முதல்வர்கள் வரிசையில் மாட்டியிருந்த அவருடைய படம் இல்லாமல் போய், இரண்டு பக்கத்துப் படங்களும் நகர்ந்து நெருக்கமாக இருந்தன. மகராசன் இன்னும் தன் துண்டில் உளியை வைத்திருக்கவில்லை. சீவச் சீவ, வேலை பார்த்த காலம் சீவலோடு போகிறது என்பதும், மரத்தில் வெளிப்பக்கம்தான் புதிது, உள்ளே போகப் போகப் பழையது என்பதால் கடைசியாக வந்த பதவி முதலில் போகிறது என்பதும் அவர்களுக்கு அந்த வாரமே விளங்கிவிட்டது. அந்த மரத்தூசியை மூச்சில் இழுத்தவர்களுக்கு மட்டும் எதுவும் மறக்கவில்லை. மற்ற உலகம் மொத்தமும், பார்த்தது, கேட்டது, எழுதிவைத்தது, கல்லில் வெட்டியது எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்தமாக மறந்துபோனது.

என் வீட்டுக்காரர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார். ஒரு பதவி போனதற்கே இந்த மனிதர் இப்படி அழுதால் நான் செத்தால் எவ்வளவு அழுவார் என்று யோசித்துப் பார்த்தேன், இதில் கால்வாசி தேறாது.

மரம் ஏன் இப்படிச் செய்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. காரணம் கேட்கிற வழக்கம் அவர்கள் வேலையிலேயே கிடையாது. அவசரக் கூட்டம் போட்டார்கள். பதவி இறங்கியவர்கள் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதைப் பேசவே பாதிக் கூட்டம் போனது. பிறகு சீவலையெல்லாம் பொறுக்கிப் பசை போட்டு ஒட்டிப்பார்த்தார்கள். ஒட்டியதும் பதவி வந்தது, ஆனால் கோணலாக வந்தது. கோமதிநாயகம் இதுவரை கால் வைக்காத ஏதோ மலையூருக்கு மேலாளராக இருந்ததாக ஆகி, அந்த ஊர்க்காரர்கள் போனில் கூப்பிட்டு ஏச ஆரம்பித்தார்கள். ஞானதிரவியத்தின் படம் திரும்ப வந்தது, வேறு கல்லூரியில், அதுவும் பெண்கள் கல்லூரியில். நல்ல வேளை, முதல் மழையின் ஈரத்துக்கே பசை விட்டு எல்லாம் உதிர்ந்துவிட்டது.

கடைசியில் அவர்கள் கண்டுபிடித்த வழி என்னவென்றால் செதுக்காமல் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், மிச்சமிருந்த பதவிப்படி உட்காருவார்கள், மடியில் மரத்தை வைத்துக்கொள்வார்கள், கையில் உளியைப் பிடித்துக்கொள்வார்கள், எழுந்து நின்று தான் என்னவாக இருந்தேன், செதுக்குவதை எப்படிக் கண்டுகொண்டேன் என்று பேசுவார்கள், உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். மரத்தை உப்புத்தாளால்கூடத் தொடமாட்டார்கள். பாதி முகம் வந்த பிள்ளையாரும் ஒற்றைச் சிறகுக் கழுகும் அப்படியே நின்றன. மன்றம் அதற்குப் பிறகுதான் நன்றாக நடந்தது. விஷயம் காதும் காதும் வைத்தாற்போல வெளியே பரவி, எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். லஞ்சத்தில் மாட்டிய ஒருவர் அந்த ஒரு வருஷத்தை மட்டும் சீவி எடுக்க முடியுமா என்று கேட்டார். பத்திரப்பதிவில் இருந்த இன்னொருவர் ஒரே ஒரு கையெழுத்தை எடுத்தால் போதும் என்றார். அப்படி நடுவில் இருப்பதை மட்டும் எடுக்க முடியாது, அதற்கு மேலே இருக்கிறதெல்லாம் போன பிறகுதான் அது போகும் என்று சொன்னதும் எல்லாரும் யோசித்துவிட்டு, வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று மன்றத்தில் சும்மா உறுப்பினர் ஆகிப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். செய்த தப்போடு இருக்கலாம், பதவி இல்லாமல் இருக்க முடியாது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமையே இல்லை.

மகராசன் மட்டும் செதுக்கினார்.

அதற்கு முன்னால் மாடத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்ட அறையையும் படிக்கட்டுகளையும் பெருக்குகிறவள் அவள்தான். என் வயதிருக்கும். வந்து பல வருஷமாகியும் வாயைத் திறந்து பேசாதவள், ஒரு நாள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியாத சமயம், ஆடி மாசத்து மத்தியானம், கடை ஒன்று களவு போனதற்காக அவள் புருஷன் இசக்கிமுத்துவை விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாயந்திரம் வயிற்று வலியில் செத்துப்போனான் என்று சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கொடுத்தார்கள். உடலைத் திருப்பி, முதுகில் லத்தித் தடங்களைப் பார்த்தவள் மாடத்தி. அன்றைக்கு ஸ்டேஷனில் இருந்தவர், வேலைக்குச் சேர்ந்து அப்போதுதான் தொப்பியின் கயிறு பழகியிருந்த சப்-இன்ஸ்பெக்டர் மகராசன். அவள் போட்ட வழக்கு அன்றிலிருந்து நடக்கிறது. அவர் இன்ஸ்பெக்டர் ஆனபோது ஒரு தடை உத்தரவு, டி.எஸ்.பி. ஆனபோது ஒரு தடை உத்தரவு, மெடல் வாங்கியபோது சாட்சி சொல்ல இருந்தவர் வாய் மூடிக்கொண்டார். அவர் இங்கே வீடு வாங்கி வந்தார் என்று தெரிந்ததும் அவளும் பெருக்குகிற வேலைக்கு இங்கே வந்து சேர்ந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. அவர் முகத்துக்கு நேரே ஒரு நாளாவது கேட்கக் கூடாதா என்றேன்.

“தெனமும் அவரு முன்னால நின்னுதான் பெருக்குதேன் அக்கா,” என்றாள். “கோர்ட்டுல எத்தனை தடவை பாத்திருப்பாரு. ஒரு நாளாவது என் மொகம் தெரியுதான்னு பாக்கேன். காலைத் தூக்கிக்கிடுவாரு, அவ்வளவுதான்.”

இப்படி இருக்கையில் மேல்கோர்ட்டு அந்த வழக்கைத் தூசி தட்டி எடுத்து, இனி தடை கிடையாது, சீக்கிரம் விசாரித்து முடியுங்கள் என்று சொல்லிவிட்டது. மகராசனின் வக்கீல்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மகராசன் எழுந்து, வழக்கமான பேச்சுக்குப் பதிலாக, தன் பதவிகளைத் துறக்கப் போவதாக அறிவித்தார். அடிமரத்தின் நடுவே அந்த ஆடி மத்தியானம் இருக்கிறது, அதுவரை போய் அதையும் சீவிவிட்டால் வழக்கு என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது, மெடலும் பட்டமும் போனால் போகட்டும், வீட்டில் நிம்மதியாக இருப்பேன் என்றார். மற்றவர்கள் அதைத் தியாகம் என்றார்கள். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மத்தியானம் சீவிப் போனால் இசக்கிமுத்து வயிற்று வலியில் செத்தவனாகவே ஆகிவிடுவான், அவளுடைய வழக்கும் அவள் அலைந்த அலைச்சலும் இல்லாமல் போய்விடும் என்பது, மூலையில் விளக்குமாற்றோடு நின்ற மாடத்தியைத் தவிர யாருக்கும் தோன்றவில்லை.

மகராசன் குதிரை செதுக்குவதாகத்தான் ஆரம்பித்தார். கால் ஒன்று போனதும் அது கன்றுக்குட்டி என்றார், கழுத்து ஒடிந்ததும் ஆடு என்றார், பிறகு நாய், பிறகு பூனை. வெள்ளைச் சீவல்கள் குவிந்தன. மெடல் போனது. டி.எஸ்.பி. போனது. கேட்டில் செக்யூரிட்டி சல்யூட் அடிப்பதை நிறுத்திவிட்டு, எந்த பிளாட் சார் என்று கேட்க ஆரம்பித்தான். தியாகி என்று கைதட்டிய மன்றத்தார், அவர் இன்ஸ்பெக்டராக இறங்கிய அன்றே அவருடைய நாற்காலியைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று கோமதிநாயகம் வருத்தப்பட்டுக்கொண்டார்.

நான் மாடத்தியிடம், அந்த மரத்தை எடுத்து ஒளித்துவிடலாம், கூட்ட அறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

“வேண்டாம்க்கா,” என்றாள். “அவரு சீவட்டும். அந்த மேல்மரம் இருக்க மட்டும் அவரை எவனாலயும் தொட முடியாது. நான் பாத்துட்டனே இத்தனை வருசமா.”

 அவர் பாட்டுக்கு ஒரு வீச்சில் நடுமரத்தையும் சேர்த்துச் சீவிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அதுக்குத்தானே கூட இருக்கேன் என்று சொல்லிவிட்டு அவள் சீவல்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஞாயிறு என்றில்லை, மகராசன் எந்த நேரம் கூட்ட அறையில் உளியோடு உட்கார்ந்தாலும் அவள் அங்கே எதையாவது பெருக்கிக்கொண்டு நின்றாள். தரையில் விழுகிற சீவலின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை மஞ்சளாயிற்று, மஞ்சள் செம்மண் நிறமாயிற்று. நடுமரத்து வைரம் வந்தால் கறுப்பாகும் என்று எனக்கும் தெரியும். எனக்கு அந்த நாட்களில் தூக்கம் சரியாக இல்லை, அவள் எப்படி இருந்தாளோ.

இன்ஸ்பெக்டர் பதவி போன அன்று மதியம் மகராசன் சாப்பிட வீட்டுக்குப் போனார். நான் மொட்டை மாடியிலிருந்து வடாம் எடுத்துக்கொண்டு இறங்கி வந்ததால் இதை நேரில் பார்த்தேன். அவர் மனைவி தங்கபுஷ்பம் ஆஸ்துமாக்காரி, மரத்தூசிக்குப் பயந்து கூட்ட அறைப் பக்கமே வராதவள். மணி அடித்ததும் கதவைத் திறந்து, இவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“மோட்டார் பாக்க வந்தீங்களா?” என்றாள். “ரிப்பேர் கீழல்லா இருக்கு.”

அவர் ஏதேதோ சொன்னார். அவள் சங்கிலியைப் போட்டுக்கொண்டு இடுக்கு வழியே கேட்டாள். பிறகு இரக்கமாக, யாரோ உங்களுக்குத் தப்பா அட்ரஸ் சொல்லிட்டாவ என்று சொல்லி மூடிவிட்டாள். அவளுடைய அப்பா பெண் கொடுத்தது உடுப்புக்கு. இன்ஸ்பெக்டர் ஆகப் போகிற மாப்பிள்ளை என்று கேட்டு விசாரித்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் இல்லையென்றால் பெண்ணும் இல்லை. அந்த வீடு இப்போது அவளுடைய அப்பா அவளுக்கு எழுதிவைத்த வீடாகிவிட்டது. ஒற்றையாகவே இருந்துவிட்ட மகளுக்கு. வேலையை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்த மனிதரின் புத்தியை என்னவென்று சொல்வது. வீடும் மனைவியும் வாசலில் கிடைக்கிற மரியாதையும் எதன் மேல் நின்றன என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளைகள் இல்லாதது நல்லதாயிற்று, இருந்திருந்தால் அவர்களும் அல்லவா சீவலோடு போயிருப்பார்கள்.

அவர் கூட்ட அறைக்கு ஓடிவந்தார். மாடத்தி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, சீவலெல்லாம் எங்க? ஒட்டணும், எல்லாத்தையும் எடு.”

“வெந்நீர் போட்டாச்சு சார்,” என்றாள் மாடத்தி. “நல்லா எரிஞ்சுது.”

மகராசனுக்குப் பின்னால் போக வழியில்லை. முன்னால் போனால் வழக்காவது போகும் என்று அவர் நினைத்தார், அதற்குப் பிறகு மரத்தில் என்ன இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. குடியிருப்பில் வீடில்லாதவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று மன்றத்தார் அவர் பெயரை நீக்கி, மரம் பிடிக்கிற இடுக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பழக்கத்துக்காக ஜெனரேட்டர் அறையில் இருந்துகொள்ளுங்கள் என்றார். அதுவும் குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரிக்குத் தெரியாமல்.

அவர் அங்கே உட்கார்ந்து விடிந்ததிலிருந்து சீவினார். பூனை எலியானது, எலி ஒன்றுமில்லாததானது. காலை பத்து மணி வாக்கில் நான் ஒரு தம்ளர் காப்பியோடு போனேன், மனசு கேட்கவில்லை. அவர் கையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டுதான் மிச்சமிருந்தது, கன்னங்கரேல் என்று, வைரம் பாய்ந்து. வேலை பார்த்த வருஷங்கள் எல்லாம் போய், அந்த ஆடி மத்தியானம் மட்டும் அதில் இருந்தது. உளி அதில் ஏறவில்லை, வழுக்கியது. வழுக்கியதில் அவர் கட்டைவிரலில் ரத்தம். பிடித்துக்கொள்ள இடுக்கி இல்லை. மாடத்தி ஜெனரேட்டருக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுக் குப்பையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, இங்க வா,” என்றார் மகராசன். “இதை அந்தப் பக்கம் இறுக்கிப் புடி. ஒரே ஒரு போடு.”

அவள் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். அவர் அந்தத் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்து, சுத்தியலை எடுக்கத் திரும்பினார். திரும்பி வந்தபோது அவள் கையை மூடியிருந்தாள்.

“புடின்னா மூடுத? விரலை எடு.”

“இதுக்குள்ள யாரு இருக்கான்னு தெரியுமா?” என்று மாடத்தி கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அவர் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். பார்த்தும் தெரியவில்லை. அது அவர் கண்ணிலேயே தெரிந்தது, யார் இவள் என்று துழாவுகிற கண்.  மாடத்தி அந்தத் துண்டை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். அவர் சுத்தியலை ஓங்கினார். நான் காப்பித் தம்ளரோடு குறுக்கே போய் நின்றேன், என் மேல் ஓங்க அவருக்குத் துணிவு வரவில்லை. பழைய செயற்பொறியாளர் மனைவி என்று நினைத்திருப்பார். அவர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, அந்தக் காப்பியைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாளே போலீஸ் வந்தது. மேல்மரம் எல்லாம் போனதில் அவர் வாங்கிய தடை உத்தரவுகளும் போய்விட்டன. அந்த மத்தியானத்துக்குப் பிறகு மகராசன் என்ற சப்-இன்ஸ்பெக்டர் எங்கே போனார், என்ன செய்தார் என்பதற்கு உலகத்தில் ஒரு தடயமும் இல்லாததால், ஸ்டேஷனில் ஒருவனை அடித்துக் கொன்றுவிட்டு அன்றிலிருந்து தலைமறைவாக இருக்கிற ஆள் என்றுதான் எல்லா இடத்திலும் இருந்தது. வந்த இளைஞர்களுக்கு இப்படி ஒரு பழைய குற்றவாளி ஜெனரேட்டர் அறையில் சுலபமாகக் கிடைத்ததில் ஒரே சந்தோஷம். அவர் அவர்களிடம் நானும் டிபார்ட்மெண்டுதான்டே என்று சொல்லிப்பார்த்தார். அவர்கள் சிரித்தார்கள்.

விசாரணைக்கு நாங்கள் எல்லாரும் போனோம். மன்றத்தார் இஸ்திரி போட்ட சட்டையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அங்கேயும் பதவி வரிசைப்படி. மகராசனுக்கு வக்கீல் இல்லை. அவருடைய வக்கீல்கள் டி.எஸ்.பி.க்காக வந்தவர்கள், இவருக்கு ஏன் வரப் போகிறார்கள். கூண்டில் நின்று அவர், தான் டி.எஸ்.பி.யாக இருந்தவன், மெடல் வாங்கியவன், பொருநை கார்டனில் வீடு உள்ளவன், இந்த ஆடி மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வாழ்க்கையே வாழ்ந்தவன் என்று சொல்லச் சொல்ல, ஜட்ஜ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதை அறிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றார். மகராசன் முதல் பெஞ்சைக் கையைக் காட்டினார். ஒவ்வொருவர் பேரையும் சொல்லிக் கூப்பிட்டார். ஆமாம் என்று சொன்னால் எப்படி என்று சொல்ல வேண்டும், எப்படி என்று சொன்னால் தங்கள் பதவி இறங்கிய கதையும் சபையில் வெளியே வரும் என்பது அவர்களுக்குப் புரிந்தது. கோமதிநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் வீட்டுக்காரர் எனக்கு இவரைத் தெரியாது என்று, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே எழுந்து நின்று சொன்னார். எனக்கு எழுந்து போய் அவரை உதைக்கலாம் போல இருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்காக எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

“ஐயா, நான் யாருன்னு இங்க ஒருத்தருக்குமா தெரியாது?” என்று மகராசன் கேட்டார்.  இரண்டு கையாலும் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து மாடத்தி எழுந்தாள்.

“எனக்குத் தெரியும்யா,” என்றாள். “இவன் மகராசன். எம் புருசனை அடிச்சுக் கொன்னவன்.”

சரியாகக் கேட்கவில்லை, முன்னால் வந்து இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்றார் ஜட்ஜ். மாடத்தி போய்ச் சொன்னாள்.